கைத்தொழில் வித்தகர் குமரப்பா

தேனியினின்று கீழ்த்திசை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஆண்டிபட்டியை அடுத்துச் சக்கம்பட்டி என்னும் நெசவாளர் ஊர் உளது. பேருந்து அங்கே சற்று நிற்குங்கால், தெருவினுள்ளிருந்து தறியோசை வந்து செவியிற் படும். அதனைக் கடந்து கணவாய் வழியே உசிலம்பட்டியை எய்தி, பின்னர்த் தெற்கே திரும்பிப் பேரையூர் வழியாகச் செல்வார் டி. கல்லுப்பட்டியை அடைவர். அவ்வூரில் 1940ஆம் ஆண்டில் ஸ்ரீ கோ. வேங்கடாசலபதி அவர்களால் நிறுவப்பெற்ற காந்தி நிகேதன ஆசிரமத்திலே தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா. அந்நாளில் கம்பம் பள்ளத்தாக்கும் கல்லுப்பட்டியும் ஒரே மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆதலின் இப்பெரியாரை எம் பக்கத்தவர் என்று உரிமை பாராட்டுதல் பிழையாகாது என எண்ணுகின்றேன்.

இவர் சரிதையை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் விடுதியிலே மாலை வேளைகளில் கம்பளி நூலும் பின்னூசியும் கொண்டு கழுத்துத்துணி பின்னுவார் சிலர் உளர். உளியும் இழைப்புளியும் வாங்கிவைத்துப் புத்தகத்தட்டு செய்யப் பழகுவாரும் உளர். அடியேன் இப்பின்னையோருள் ஒருவன். என் கைப்பட்ட முதற்றட்டு, மூலைகள் நான்கும் நான்கு விதமாய் அமைந்து, இன்றும் என் மேசைமீது ஒருபுறம் சாய்ந்தே நிற்கின்றது. இதனைக் காணும் நண்பர் சிலர், கடையில் மலிவாய்க் கிடைக்கும் பொருளுக்கு இத்துணைப் பாடு எதற்கென்று நகைப்பர். வேறு சிலர், மனத்திற்கு நல்ல பொழுதுபோக்கு என்று கூறி அமைவர். இவ்விரு திறத்தார் கூற்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. கைவேலை என்பது யாது, அதனால் மனிதன் அடைவது யாது என்னும் வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் குமரப்பா. அவ்விடை நகைப்பார்க்கு ஒவ்வாது. பொழுதுபோக்குவார்க்கும் முற்றும் இனியதன்று.

இவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் நாள் தஞ்சையிலே ஒரு கிறிஸ்தவ குடும்பத்தில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது. தந்தையார் அரசாங்க மராமத்து இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். சென்னையிலே கல்வி பயின்றபின் இவர் லண்டன் மாநகர் சென்று, கணக்குத் தணிக்கைக் கலையிற் றேர்ந்தார். 1919இல் தாயகம் மீண்டு, பம்பாயிலே தணிக்கைத் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். உடையிலும் உணவிலும் நடையிலும் ஆங்கிலேயரையே ஒத்திருந்தார். 1927இல் அமெரிக்கா சென்று, ஸைரக்கியூஸ் சர்வகலாசாலையிலும், பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையிலும் பயின்றார். இதுகாறும் இவர் சரிதையில் நாம் நின்று நோக்கவேண்டுவது மிகுதியாக இல்லை. செல்வ இல்லத்துப் பிள்ளைகள் பலர் சென்ற வழியே இவரும் சென்றார்.

ஆயின் அமெரிக்காவிலே ஒரு தேவாலயத்தில் இந்திய தேசத்தின் வறுமையைக் குறித்து இவர் நிகழ்த்திய சொற்பொழிவு பத்திரிகையில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் ஸெலிக்மன், அப்பொருளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுமாறு இவரை ஏவினார். கணக்கர் அன்றோ! பிறர் கண்ணீரால் அறிந்ததனை இவர் வரவு செலவுப் புத்தகத்தால் அறியலானார். இந்தியாவின் பொது நிதி எவ்வாறு திரட்டப்படுகின்றது, எவ்வாறு செலவாகின்றது என்று இலக்கம் இலக்கமாகத் துருவிப் பார்த்தார். அவ்விலக்கங்கள் இவரை வேறு மனிதராக்கிவிட்டன. தாம் அதுவரை எந்த அரசாட்சியை நன்மையென எண்ணியிருந்தனரோ, அதன் கணக்கு நேர்மையாக இல்லை என்பதை இவர் தம் தொழிற் கண்கொண்டே கண்டார்.

அவ்வாராய்ச்சியை அச்சிடும் பொருட்டே இவர் 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமம் சென்றார். அங்கு நிகழ்ந்தது பலரும் அறிந்த கதையாயினும் மீண்டும் சொல்லத்தக்கது. விருந்தினர் விடுதியிலே ஒரு கயிற்றுக்கட்டில் அன்றி வேறொன்றும் இல்லை. நாற்காலியும் இல்லாத அவ்விடத்திற் பொழுது போகாமையால், பட்டு உடுப்பும் கைத்தடியுமாக இவர் ஆற்றங்கரையில் உலாவினார். ஆங்கே ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு கிழவர் அமர்ந்து ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் அதற்குமுன் நூற்றலைக் கண்டறியார். ஆதலின் தடியை ஊன்றியபடியே நின்று, பஞ்சு நூலாகும் விந்தையைச் சில நிமிஷம் பார்த்திருந்தார். அப்பால் அக்கிழவர் பொக்கைவாய் மலர நகைத்து, வந்தவர் குமரப்பாதாமோ என்று வினவினார். அப்பொழுதே, தாம் காணவந்த மகாத்மா இவரே என்பது இவருக்கு விளங்கிற்று. உடனே, உடுப்பின் மடிப்புக் கலையுமே என்பதையும் கருதாது, வெறுந்தரையில் அமர்ந்தார். யாரோ விரைந்து கொணர்ந்த நாற்காலியையும் வேண்டாவென்றார்.

நான் இந்நிகழ்ச்சியிற் பெரிதும் வியப்பது அத்தரையில் அமர்ந்ததனை அன்று. பெயரறியா முதியவர் ஒருவர் கைவேலை செய்வதை, அவர் பெரியவர் என்று அறியுமுன்னரே, கற்றறிந்த இம்மனிதர் நின்று பார்த்தாரே, அதனையே வியக்கின்றேன். நம்மில் எத்தனை பேர் கொல்லனுடைய உலைக்களத்தின் முன்னோ, குயவனுடைய சக்கரத்தின் முன்னோ சில நிமிஷம் நின்றிருப்போம்?

அதன்பின் மேனாட்டுடை நீங்கிற்று, கதர் வந்தது. கொர்னேலியஸ் என்னும் பெயரும் நீங்க, குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பது நிலைத்தது. குஜராத் வித்தியாபீடத்தின் ஆசிரியராகி, கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் பொருள்நிலையை ஆராய்ந்தார். மாணவரை உடன்கொண்டு கிராமங்கிராமமாகச் சென்று, குடியானவருடைய வரவையும் செலவையும் எழுதினார். நூல்வழி அறிந்த வறுமையை இப்பொழுது நேரிற் கண்டார். ஆண்டிற் பல மாதங்கள் வயலில் வேலையின்றி வறிதே கிடக்கும் கைகளையும் கண்டார். அக்கைகளுக்கு அருகிலேயே பருத்தியும் எள்ளும் நெல்லும் விளைந்து, மூட்டையாகக் கட்டப்பெற்றுத் தொலைவிலுள்ள ஆலைகளுக்குச் செல்வதையும் கண்டார். ஊரார் தாமே ஆக்கத்தக்க நூலும் எண்ணெயும் அரிசியும் வெளியிலிருந்து விலைக்கு வந்தன. இவர் பிற்காலத்திற் செய்த தொண்டு யாவும் இக்காட்சியினின்று முளைத்தது என்னலாம்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது, யங் இந்தியா பத்திரிகையை நடத்தும் பொறுப்பு இவர்மேல் வந்தது. அதன் பயனாகச் சிறையும் வந்தது. அந்நாளில் கிறிஸ்தவருட் பலர் அரசாங்கத்தின் பக்கமே நின்றனர். அகிம்சைப் போர் கிறிஸ்து நாதர் காட்டிய வழியோடு இயைவதே என்று வாதித்து, இவர் கல்கத்தா பேராயர்க்கும் மிஷனரிமார்க்கும் எழுதினார். சபையார் இவரை ஐயுற்றனர். தேசியவாதிகளுட் சிலர் இவர் மதத்தை ஐயுற்றனர். இரு திறத்தாரிடையும் தனித்து நிற்றல் எத்துணை அரிது என்பதை நம்மவர் அறிவர்.

1934இல் பீகாரில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுது, நிவாரண நிதியின் கணக்கை இவரே காத்தார். காந்தியடிகள் பரிவாரத்துடன் வந்தபோதும், அவர்தம் உணவுச் செலவை ஏழைகளுக்கென வந்த நிதியிற் சேர்க்க இவர் உடன்படவில்லை. முன்னர் நேரங் குறியாது தம்மைக் காண இயலாது என்றும் மகாத்மாவுக்கே அறிவித்தாராம். கடுமையானவர், முன்கோபமும் உடையவர். இதனை மறைத்தெழுதுவது சரிதையாகாது. ஆயினும் அடிகள் இக்கடுமையையே விரும்பினர் போலும். அவ்வாண்டின் இறுதியில் வார்தாவிலே அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது, அதனை அமைத்து நடத்தும் செயலாளராக இவரையே ஏற்படுத்தினர்.

சங்கத்தின் இருக்கை மகன்வாடி எனப்பட்டது. அஃது ஒரு தோட்டம். செக்காட்டுதல், கைக்குத்தரிசி, தேனீ வளர்த்தல், பனைவெல்லம், சோப்பு, காகிதம் என்று அங்கே பல தொழில்களும் ஆராயப்பட்டன. கிராம ஊழியர்க்குக் கற்பிக்கவும் பட்டன. 1938இல் ஒரு கைத்தொழிற் காட்சிசாலையும் திறக்கப்பெற்றது. இவற்றுள் காகிதத் தொழிலே என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது. கந்தலையும் கழிவுக் காகிதத்தையும் ஊறவைத்து இடித்துக் கூழாக்குவர். அக்கூழைத் தொட்டி நீரிற் கரைப்பர். சல்லடை போன்ற சட்டத்தை அதனுள் அமிழ்த்தி மட்டமாக எடுப்பர். நீர் வடிந்தபின் மேலே படிந்த மெல்லிய ஏட்டைப் பெயர்த்து அழுத்தி உலர்த்தி, பசை பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்ப்பர். இதிலே கடினமான பகுதி, சட்டத்தை எடுக்கும் அந்த ஒரு கணமே. கை சிறிது சாய்ந்தாலும் ஏடு ஒருபுறம் தடித்துவிடும். (என் புத்தகத்தட்டின் நினைவு வாராமல் இல்லை.) சங்கத்தின் எழுத்து வேலைகள் இக்கைக்காகிதத்திலேயே நடந்தன. மண்ணெண்ணெய் வேண்டாமைப் பொருட்டு, ஊரில் ஆட்டிய எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கே ஆக்கப்பெற்றது. குமரப்பா தமக்கெனத் தோத்திஜாமா என்றொரு உடையும் வகுத்துக்கொண்டார். வேட்டியும் கால்சட்டையும் கலந்தது அது. பார்ப்பதற்கு அழகியது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் தமக்கு வேண்டிய ஆடை இத்தன்மையது என்று ஒருவர் தாமே சிந்தித்து அமைத்துக்கொள்வதில் உள்ள உவகை, கடையிற் றொங்குவதை எடுத்து அணிவார்க்கு வாராது.

இவர் தொழில்களைக் கணக்கர் முறையிலேயே அளந்தார் எனினும், அக்கணக்கிற் புதிய ஓர் இனத்தைச் சேர்த்தார். ஒரு பொருளின் விலை யாது என்பதோடு, அதனைச் செய்தவன் கதி யாது என்றும் எழுதினார். 1942இல் எழுந்த போராட்டத்தை ஒட்டி இவர் மீண்டும் சிறைப்பட்டு, ஜபல்பூர்ச் சிறையில் வாடினார். உடல் நலிந்தது. ஆயினும் இரண்டு நூல்கள் அச்சிறையிலேயே பிறந்தன. ஒன்று இயேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றியது. இரண்டும் 1945இல் வெளிவந்தன. காந்தியடிகள் இவ்விரண்டையும் சிறையின் விளைபொருள் என்று பாராட்டினர். இவரை வேதசாஸ்திர பண்டிதர் என்றும், கிராமக் கைத்தொழிற் பண்டிதர் என்றும் வழங்கினர். இரண்டு பட்டங்களும் ஒரே மனிதர்க்கு வந்தமை பொருத்தமே. நாசரேத்தூரிலே தச்சுப்பட்டறையில் வளர்ந்த ஒருவரையன்றோ அவர் ஆண்டவராகக் கொண்டிருந்தார்!

இரண்டாம் நூலிலே வேலையைக் குறித்து இவர் கூறும் கருத்து இச்சரிதையின் உயிர்நாடி. எவ்வேலையிலும் உழைப்பும் உண்டு, இன்பமும் உண்டு; இவ்விரண்டையும் இயற்கை ஒன்றாகவே பிணைத்திருக்கின்றது. ஒருவன் இன்பத்தை மட்டும் தனக்கெனப் பிரித்துக்கொண்டால், வெற்றுழைப்பு மற்றொருவன் தலையிற் சுமத்தப்படும். ஒருபால் சோம்பல், மற்றொருபால் அடிமைத்தனம். உணவு உடலை வளர்ப்பதுபோல, முறையாகச் செய்யும் வேலை மனிதனுடைய உயர்ந்த ஆற்றல்களை வளர்ப்பது என்பது இவர் கொள்கை. ஷூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1973இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற தம் நூலில் இக்கருத்தை எடுத்தாண்டார். அதனால் மேனாட்டாரும் குமரப்பாவை அறிந்தனர்.

இதனைப் படித்தபின் பின்னல் வேலையையும் தச்சு வேலையையும் நான் வேறு கண்கொண்டு நோக்கலானேன். கம்பளி பின்னுவார் வரிமேல் வரியாக ஒரே முடிச்சை நூறுமுறை இடுவர். அது சலிப்பே. ஆயின் அச்சலிப்பைக் கடந்தே உரு எழுகின்றது. பலகையை இழைப்பதிற் றோள் நோகும். அந்நோவு இல்லையேல், இரண்டு துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்தும் அக்கணத்து மகிழ்ச்சியும் இல்லை. தவிட்டை நீக்கிய அரிசி வெள்ளையாய் இருக்கும், சத்து இராது. உழைப்பை நீக்கிய இன்பமும் அத்தகையதே. ஆயினும் குமரப்பா நம்மை இவ்வளவில் விடுவதில்லை. உன் ஓய்வுக்கு நீ இழைக்கின்றாய். உன் ஊர்த் தச்சன் வேலையின்றி இருக்கின்றானே, அவன் கணக்கு எங்கே என்று கேட்பவர் அவர். கைவேலை செய்தறிந்தவனுக்கே கைவேலைப் பொருளின் உண்மை விலை தெரியும். என் கோணற்றட்டைச் செய்து முடித்த நாள் முதல், தச்சரிடம் கூலி குறைத்துப் பேச எனக்கு நா எழுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் என் மனம் இவரோடு முழுதும் இசையவில்லை. கைக்குத்தலையும் திரிகையையும் இவர் போற்றுமிடத்து, உத்தமபாளையத்தில் வாழ்ந்த என் பாட்டியாரின் கைகள் நினைவிற்கு வருகின்றன. விடியுமுன் உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவை. ஊருக்கு அரிசி ஆலை வந்த நாளை அவர் திருவிழாவைப்போல நினைவு கூர்வார். இன்பமும் உழைப்பும் பிரியாதிருத்தல் நன்றே. ஆயின் வீட்டிலே அவ்வுழைப்பு யாவும் ஒருத்திக்கே பங்காயின், அதுவும் பிரிவினையே அன்றோ? குமரப்பா வாழ்நாள் முழுதும் மணஞ்செய்யாதவர். இவ்வினாவை அவரிடம் கேட்க ஒரு பாட்டியார் அவர் அடுக்களையில் இருந்திலர்.

தேசம் விடுதலை பெற்றது. ஆயின் ஆட்சியாளர் பெருந்தொழில் வழியையே நாடினர். 1938இல் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்தே கருத்து வேற்றுமையால் இவர் விலகியவர். விடுதலைக்குப்பின் காங்கிரஸ் நிறுவிய நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு இவர் தலைவராயினார். அதன் அறிக்கை 1949இல் வெளிவந்தது. உழுபவனுக்கே நிலம் வேண்டும் என்னும் அதன் நோக்கம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. தம்முடன் சிறையிருந்த நண்பர்களே அமைச்சராகித் தம் சொல்லைக் கேளாதிருந்தமை இவரை வருத்திற்று. வெளிப்படையாகவே கண்டித்தெழுதினார், நண்பர் சிலரையும் இழந்தார். இரத்தக்கொதிப்பு நோய் வேறு வாட்டியது. பதவி எதனையும் நாடாது, மருத்துவர் ஓய்வு கொள்ளுமாறு வற்புறுத்த, 1950களின் நடுவிலே கல்லுப்பட்டி வந்து சேர்ந்தார். ராட்டினமும் தறியும் இயங்கும் ஆசிரமச் சூழலிற் சிறு குடிலொன்றில் வாழ்ந்தார். அவர் தம்பியும் மகன்வாடியில் உடனுழைத்தவருமான பாரதன் குமரப்பா 1957இல் மறைந்தார்.

அக்குடிலின் சுவரில் ஏழை உழவன் ஒருவனுடைய படம் மாட்டப்பெற்றிருந்தது. காண வந்தோர் காந்தியடிகளின் படத்தைத் தேடுவர். இதனைக் கண்டு, இவர் யாரென வினவுவர். தம் குரு காந்தியடிகள் என்றும், அவருக்கும் குரு இவ்வுழவன் என்றும் குமரப்பா விடையிறுப்பார். 1960ஆம் ஆண்டு, அடிகள் மறைந்த அதே ஜனவரி 30ஆம் நாளில், தமது அறுபத்தெட்டாம் வயதில் அவர் உயிர் நீத்தார்.